புதிர்ப் பெட்டி இருந்தும் கையில் சிக்காதது ஏன்? என் அனுபவம்

ஜியோகேஷிங் என்பது ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையுடன் தேடும் விளையாட்டு. புதிர்ப் பெட்டி என்றால், புதிரை விடுவித்தால்தான் அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண் கிடைக்கும். சுங்கை சிப்புட் பூங்காவில் நான் வைத்த அப்படியொரு பெட்டியைத் தேடியவர்கள் விடையைச் சரியாகக் கண்டும் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றார்கள். பிழை, எண்ணைக் கைப்பேசியில் இட்ட முறையில். உதாரணமாக, வடக்கு 4° 49.350 என்பதில் புள்ளிக்குப் பின் வருவது நிமிடத்தின் தசமம், விநாடி அல்ல. 0.350-ஐ 60-ஆல் பெருக்கினால் 21 விநாடி. அதையே 35.0 விநாடி என்று இட்டால் 14 விநாடி கூடும். தரையில் ஏறக்குறைய 430 மீட்டர்! வரைபடச் செயலியில் ‘பாகை, தசம நிமிடம்’ என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்த சிக்கல், புதிருக்கான குறிப்பு. பெஞ்சுப் பலகைகளை எண்ணச் சொல்லியிருந்தேன். ஒரு பலகை உடைந்ததும் விடையே மாறிவிட்டது. இப்போது மண்டபத்தின் சிமெண்டுத் தூண்களையும் படிகளையும் எண்ணச் சொல்கிறேன். விடையாக வரும் ஆறு இலக்கங்களின் கூட்டுத்தொகையும் தருவதால், தவறிருந்தால் நடக்கும் முன்பே தெரிந்துவிடும். இது மிகவும் உதவுகிறது.

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஜிபிஎஸ் அலைபாயும். பெட்டி வைப்பவர் வேறு வேறு நேரத்தில் பத்து அளவுகள் எடுத்துச் சராசரி போடுங்கள். கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினாலே, அதாவது 0.001 நிமிடம், தரையில் 1.8 மீட்டருக்கும் சற்று மேல்.

பெட்டியைக் கண்டவர்கள் பெயர் எழுதும் பதிவுத்தாள் பின்மழையில் கூழாகிவிடும். ரப்பர் வளையமுள்ள திருகு மூடிப் புட்டி வாங்குங்கள். வளையத்தில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், நீர் இறங்கிவிடும். மூடும் முன் விரலால் துடையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, ஜிப் பைக்குள் தாள், கூடவே பென்சில். பேனா மை ஈரத்தில் பரவும்.