சம்ப் மூடியைத் திறந்துவிடாதீர்கள்

காட்பாடியில் கல்லூரிப் பசங்க 4 பேர் எடுத்த குறும்படத்தைப் போன வாரம் பார்த்தேன். குடியாத்தத்தில் ஒரு வீடு, தரைக்கடியில் காலி சம்ப் (தண்ணீர்த் தொட்டி), உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெண். நல்ல கதை. ஆனால் 8 வருடத்துக்கு முன்னால் நான் செய்த தப்பையே அவர்களும் செய்திருந்தார்கள். ஒலிப்பதிவு, நடிப்பில் உள்ள குறைகள் அவர்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். இப்படி அடைபட்ட இடத்தில் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை இவை.

வெளியே போவது

7-ஆவது நிமிடத்தில் கேமரா மேலே வந்துவிட்டது. அம்மா தேடுகிறாள், போலீஸ் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட். என் படத்தில் ஒருவன் பாழுங்கிணற்றில் விழுந்து கிடப்பான். நடுவில் விடியற்காலைப் பாலாற்று மணலை ட்ரோனில் எடுத்துச் சேர்த்தேன். கையிலிருந்த பணத்தில் பாதி ட்ரோன் வாடகைக்கே போனது. மொட்டை மாடியில் போட்டுக் காட்டியபோது, அதுவரை அசையாமல் இருந்தவர்கள் மணல்வெளி வந்ததும் காலை நீட்டிக்கொண்டார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். மறுபடி கிணற்றுக்குள் போனபோது அந்த இறுக்கம் திரும்பவே இல்லை. உள்ளே கிடப்பவனுக்குக் கிடைக்காத காற்றைப் பார்ப்பவர்களுக்கு நான் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

2010-இல் வந்த 'பரீட்' (Buried) படம் ஒன்றரை மணி நேரமும் சவப்பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. வெளியுலகம் ஒரு செல்போன் வழியாகத்தான் உள்ளே வரும். குடியாத்தத்துக் கதையை வைகாசியில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்கு வைத்துப் பாருங்கள். ஊரே தெருவில் இருக்கும். மூடிக்கு மேலே பம்பைச் சத்தமும் கால் சத்தமும். அவள் கத்துவது யார் காதிலும் விழாது. அம்மா அழுவதைக் காட்டவே வேண்டாம்.

அகலமான லென்ஸ்

4 அடித் தொட்டி கல்யாண மண்டபம் மாதிரி தெரியும்.

வெளிச்சம்

மூடிய தொட்டிக்குள் நீல நிலா வெளிச்சம் எப்படி வரும்? அவள் கையிலிருக்கும் போன் டார்ச் போதும். சார்ஜ் 9, 6, 3 என்று இறங்கட்டும்.

கடைசியில் வரும் பேய்

வேண்டாம்.

நிஜ சம்பில் இறங்குவது

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். மூடிக் கிடந்த தொட்டியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், விஷவாயுவும் இருக்கலாம். மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் விழுந்துவிடுவார். பிளைவுட்டில் அதே அளவுக்குப் பெட்டி செய்து, பக்கங்களைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். அப்புறம், ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டோமே என்று கேமராவைப் பின்னால் இழுக்காதீர்கள். சுவர் இருந்த கோட்டுக்கு உள்ளேயே லென்ஸ் இருக்கட்டும்.