“பதினாலுக்கு டயர் இருக்கா?” – பழைய வானுக்கு டயர் எடுக்கும்போது விடும் தவறுகள்

டயர் கடையில் இப்படிக் கேட்பதுதான் முதல் தவறு. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அந்த ரிம்மில் கார் டயரும் ஏறும், வான் டயரும் ஏறும். கார் டயர் விலை குறைவு என்பதால் பலர் அதையே பூட்டிக்கொண்டு போகிறார்கள்.

பழைய வானின் டயரில் “185 ஆர் 14 சி 102/100 ஆர் 8 பி.ஆர்” என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 185 என்பது அகலம், மில்லிமீற்றரில். நடுவில் நிற்கும் ஆர், ரேடியல்; உள்ளிழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் வகை. 65, 70 என்று இன்னோர் எண் இல்லாவிட்டால் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 80 சதவீதம். சி என்றால் பாரம் ஏற்றும் வாகனத்துக்கானது. 8 பி.ஆர் என்பதற்காக உள்ளே எட்டுப் படை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அது பலத்தைச் சொல்லும் கணக்கு. 102/100க்கு அடுத்து நிற்கும் ஆர் வேக எல்லை: மணிக்கு 170 கி.மீ.

கட்டாயம் பார்க்க வேண்டியது 102. ஒற்றைச் சில்லாகப் பூட்டினால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். 100 என்பது ஒரே பக்கத்தில் இரண்டு சில்லைச் சேர்த்துப் பூட்டும் இரட்டைச் சில்லுக்கானது, டயருக்கு 800 கிலோ. கார் டயரான 185/70 ஆர் 14இல் பெரும்பாலும் 88 என்று இருக்கும்; அது 560 கிலோ. பின்னுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சில்லு என்றால் வான் டயர் 1,700 கிலோ தாங்கும், கார் டயர் 1,120 கிலோதான். கதிர்காமத்துக்கு ஆட்களோடு சட்டிபானையும் ஏற்றி, பின் அச்சில் 1,300 கிலோ இறங்கினால் என்ன ஆகும்? சுற்றுக்குச் சுற்று பக்கச் சுவர் நசிந்து நிமிரும், உள்ளே சூடு ஏறும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் நண்பகல் தாரில் ஓடும்போது தடம் கழன்று டயர் வெடிப்பது இதனால்தான். 185/65 போட்டால் டயரின் உயரமும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் குறையும். மீற்றர் 60 காட்டும்போது வான் உண்மையில் 55இல்தான் ஓடும்.

சரியான அளவும் காற்றும் சாரதிக் கதவருகே ஒட்டிய தாளில் இருக்கும். தாள் அழிந்திருந்தால் அதே மொடலின் கையேட்டைத் தேடிப் பாருங்கள். பூட்டியிருக்கும் டயரை நம்ப வேண்டாம், அதுவே முந்தைய சொந்தக்காரர் விட்ட பிழையாக இருக்கலாம்.

பாவித்த டயர் எடுப்பவர்கள் பூவை, அதாவது தடத்தில் மிஞ்சியிருக்கும் வெட்டுகளை, மட்டும் பார்க்கிறார்கள். டொட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு எண்ணையும் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் ரப்பர் காய்ந்துவிட்டிருக்கும். பக்கச் சுவரை விரலால் அழுத்தி விரித்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். அப்படிப்பட்டதை ஆட்கள் ஏறும் வானுக்கு எடுக்கவே வேண்டாம்.

உப்புக்காற்றுக்கு ரிம்மின் விளிம்பு கறள் பிடித்துப் பொருக்காகும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் நிற்கும் வான்களில் இதை நிறையப் பார்க்கலாம். ஆணி குத்தாமலே காற்று இறங்கினால் சவர்க்காரத் தண்ணீரை விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள், குமிழி வரும். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு இதை மறைப்பது பிழையான வேலை. டியூப் உரசிச் சூடாகி, கிழிந்தால் காற்று ஒரேயடியாகப் போய்விடும். டயரைக் கழற்றி, கம்பித் தூரிகையால் கறளைத் தேய்த்து, பெயின்ற் அடித்துக் காயவிட்டு, புது வால்வோடு பூட்டுவதே வழி. விளிம்பு அரித்துப் பள்ளமாகியிருந்தால் ரிம்மையே மாற்றுங்கள்.

காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள். டயரில் எழுதியிருக்கும் 65 பி.எஸ்.ஐ உச்ச அளவு. எப்போதும் அடிக்க வேண்டிய அளவல்ல. ஓடிச் சூடான டயரில் கூடிய காற்றைத் திறந்துவிடவும் கூடாது.

ஒரே அச்சில் நைலோனும் (உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய வகை) ரேடியலும் கலக்க வேண்டாம். இரண்டு புது டயர்தான் வாங்க முடியும் என்றால், முன்னுக்கு அல்ல, பின்னுக்குப் போடுங்கள். மார்கழி மழையில் பின்பக்கம் இழுத்தால் ஸ்ரியரிங்கால் பிடிப்பது கஷ்டம். பூட்டிய பின் 50, 100 கி.மீ ஓடியதும் நட்டுகளை எதிரெதிராக மறுபடி இறுக்குங்கள்.

அப்படியே அடியில் தொங்கும் ஸ்பெயார் சில்லையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். மணலும் உப்பும் சேர்ந்து சங்கிலி இறுகியிருந்தால், பஞ்சரான இடத்தில் அது கீழே வராது.