புது லைப்ரரியா? இன்ஸ்டால் செய்யும் முன் பிரித்துப் பாருங்கள்

நோட் ஜேஎஸ்ஸில் இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். ஏதோ ஒரு சின்ன வேலைக்கு லைப்ரரி (மற்றவர்கள் எழுதிவைத்த கோட், பேக்கேஜ் என்றும் சொல்வார்கள்) தேடுகிறோம், முதலில் கண்ணில் படுவதை இன்ஸ்டால் செய்துவிடுகிறோம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்துகூடப் பார்ப்பதில்லை. பத்து நிமிஷம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

முதலில், அது தேவையா என்று கேளுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை எழுதியவரே, பேக்கேஜ்கள் கிடைக்கும் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். மொத்தமே 11 வரி, எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் வேலை. அதற்கே, புது ஜாவாஸ்கிரிப்டைப் பழைய வடிவுக்கு மாற்றும் பேபல் உட்பட ஏகப்பட்ட பிராஜெக்ட்களின் பில்ட் (கோடை ஓடத் தயாராக்கும் வேலை) நின்றுபோனது. இவ்வளவு சின்னதை நாமே எழுதிக்கொள்ளலாம்.

சரி, தேவைதான் என்றால் டெர்மினலில் 'என்பிஎம் வியூ' என்று அடித்து, பக்கத்தில் பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். கடைசி வெர்ஷன் எப்போது வந்தது, யார் பராமரிக்கிறார்கள், கூடவே எந்தெந்த பேக்கேஜ்களை இழுத்து வருகிறது என்பதெல்லாம் தெரியும்.

அப்புறம் 'என்பிஎம் பேக்' (npm pack), பக்கத்தில் அதே பெயர். இது இன்ஸ்டால் செய்யாமல் சுருக்கிய கோப்பை மட்டும் இறக்கித் தரும். அதைப் பிரித்து, பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ்.ஜேசனைத் திறங்கள். ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் போஸ்ட்இன்ஸ்டால் என்று இருந்தால், இன்ஸ்டால் செய்த கையோடு அந்தக் கட்டளை உங்கள் கணினியில் ஓடும், அதனால் அது என்ன செய்கிறது என்று படிக்காமல் நகராதீர்கள். பிறகு மெயின் என்று காட்டியிருக்கும் கோப்பையும் படியுங்கள்.

கோடை எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் கிட்ஹப்பில் பார்த்தால் போதாதா? போதாது. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பிரபலமான பேக்கேஜின் பொறுப்பு, உதவ முன்வந்த முகம் தெரியாத ஒருவரிடம் போனது. அவர் செப்டம்பரில் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற இன்னொரு பேக்கேஜை அதற்குள் சேர்த்தார். அப்போது அதில் ஒன்றும் இல்லை. அக்டோபரில் வந்த 0.1.1 வெர்ஷனில்தான் கோபே என்ற பிட்காயின் வாலட்டின் சாவிகளைத் திருடும் கோட் இருந்தது, அதுவும் என்பிஎம்மில் ஏற்றிய, மினிஃபை செய்த (படிக்க முடியாதபடி சுருக்கிய) கோப்பில் மட்டும். கிட்ஹப்பில் தேடினால் கிடைத்திருக்காது.

சேர்த்தபோது 0.1.0 ஆக இருந்த ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம், மற்றவர்கள் இன்ஸ்டால் செய்யும்போது எப்படி 0.1.1 ஆனது? வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் கூரை மாதிரி நிற்கும் கேரட் (^) குறிதான் காரணம், இதற்குப் பிறகு வரும் சின்னத் திருத்தங்களையும் எடுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். ஆகவே, இன்ஸ்டால் ஆன வெர்ஷன்களை அப்படியே குறித்துவைக்கும் பேக்கேஜ்-லாக்.ஜேசனைக் கட்டாயம் கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட் செய்யுங்கள், சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போதும். லாக் கோப்பில் உள்ள வெர்ஷன் மட்டும்தான் வரும்.

கடைசியாக, வாரம் ஒருமுறை 'என்பிஎம் ஆடிட்'. ஏற்கெனவே தெரியவந்த ஓட்டைகளைத்தான் அது சொல்லும். ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் விவகாரம் வெளிவந்தது நவம்பரில், அதுவரை ஆடிட் ஓட்டியவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. நீங்கள் சேர்க்காத பெயர் ஏதாவது ஆடிட்டில் வந்தால் 'என்பிஎம் எக்ஸ்ப்ளெயின்' கொடுத்துப் பாருங்கள், எந்த பேக்கேஜ் வழியாக உள்ளே வந்தது என்று காட்டிவிடும்.