பண்டைக் கெல்ட்டியர் சமயமும் வாழ்வும்: ஆய்வைத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டை ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட்டியரைப் பற்றி எழுதத் தொடங்கும் சிலர் தங்கள் வரைவுகளைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தருவார்கள். நான் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். இங்கிலாந்தின் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியவர்கள் கெல்ட்டியப் பூசாரிகளான ட்ரூயிடுகள் அல்ல என்பது போன்றவற்றை எந்த அறிமுக நூலும் சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அயர்லாந்துக் கதைகளைக் கொண்டு காலியாவை நிரப்புவது

இன்றைய பிரான்ஸும் அதை ஒட்டிய பகுதிகளும் அன்று காலியா. அங்கே ட்ரூயிடுகள் தங்கள் போதனைகளை எழுதி வைப்பதைத் தகாத செயலாகக் கருதினார்கள் என்கிறார் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர். அதனால் அந்த மண்ணின் கடவுள்கள் பெயராகவும் சிலையாகவும் மிஞ்சியிருக்கிறார்கள், கதை மட்டும் இல்லை. அயர்லாந்திலோ கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. சரி, அங்கிருந்து எடுத்து இங்கே நிரப்பிவிடலாம் என்று கை துறுதுறுக்கும்.

கொஞ்சம் நிதானியுங்கள். சீசர் காலியாவில் போரிட்டது கி.மு. 58 முதல் 50 வரை. அயர்லாந்து வீரக்கதைகள் அடங்கிய சுவடிகளில் இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழையது சுமார் கி.பி. 1100-ஐச் சேர்ந்தது. எழுதியவர்கள் பைபிளிலும் லத்தீனிலும் ஊறிய கிறித்தவத் துறவிகள். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது, கடல் கிடக்கிறது, மதமே மாறியிருக்கிறது.

இதில் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது பிரான்ஸின் லியோன் நகர வாதம். அது இப்படிப் போகும்: காலியர்கள் மிகுதியாக வணங்கியது மெர்க்குரி என்ற கடவுளை, அவரே எல்லாக் கலைகளையும் கண்டுபிடித்தவர் என்கிறார் சீசர். அயர்லாந்துக் கதைகளில் எல்லாக் கலைகளிலும் வல்லவன் லூக். லியோனின் பழைய பெயரான லுக்டுனும் என்பதில் லூகுஸ் என்ற கடவுளின் பெயர் இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். அயர்லாந்தில் லூக்கின் பெயரால் நடக்கும் லூனசா அறுவடைத் திருவிழா ஆகஸ்ட் 1. லியோனில் ரோமுக்கும் பேரரசர் அகஸ்டஸுக்கும் காலியர் சார்பில் பலிபீடம் அர்ப்பணித்ததும் ஆகஸ்ட் 1. ஆகவே, ரோமானியர்கள் வருவதற்கு முன்பே லியோனில் அன்று லூகுஸுக்குப் பெருவிழா நடந்தது!

ஒரு மாணவி இதை நம்பி ஒரு முழு அத்தியாயம் எழுதினார். ஊர்வலப் பாதை, அறுவடைச் சடங்கு, வரைபடம் எல்லாம் இருந்தன. தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: அந்த நாளைத் தேர்ந்தெடுக்க ரோமுக்கு வேறு காரணம் இருந்ததா? இருந்தது. அகஸ்டஸ் அலெக்சாந்திரியாவைக் கைப்பற்றிய நாள் கி.மு. 30 ஆகஸ்ட் 1. பேரரசரைப் போற்றும் பீடத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் எது? அந்த நாளை விளக்க லூகுஸ் தேவையே இல்லை. அத்தியாயம் போனது. அதற்காக அவர் பொறுமையாகத் திரட்டிய நல்ல கல்வெட்டுக் குறிப்புகளும் சேர்ந்து போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவற்றில் ஒன்று ஸ்பெயினின் ஓஸ்மா ஊர்க் கல்வெட்டு. செருப்புத் தைப்பவர்களின் சங்கத்தோடு தொடர்புடைய அது, லூகோவெஸ் என்ற கடவுள்களுக்கு உரியது. வேல்ஸ் நாட்டு இடைக்காலக் கதைத் தொகுதியான மாபினோகியில், லூக்கோடு ஒப்பிடப்படும் லியூ என்பவன் ஓரிடத்தில் செருப்புத் தைப்பவனாக வேடமிட்டு வருகிறான். இது உண்மையிலேயே யோசிக்க வைக்கும் ஒற்றுமை. ஆனால் கல்வெட்டில் இருப்பது பன்மை, கதையில் வருவது ஒருவன். எனவே கல்லிலிருந்து தொடங்குங்கள். அது எங்கே கிடைத்தது, எந்தக் காலம், யார் வைத்தது என்பதை முதலில் எழுதி முடியுங்கள். அப்புறம், தனிப் பத்தியில், கதையைக் கொண்டு வாருங்கள்.

சீசரின் கடவுள் பட்டியல்

காலியரின் கடவுள்களாக மெர்க்குரி, அப்போலோ, மார்ஸ், ஜூபிடர், மினெர்வா என்று சீசர் அடுக்கும் ஐந்தும் ரோமானியப் பெயர்கள். கல்வெட்டுகளைப் பார்த்தால் நூற்றுக்கணக்கான உள்ளூர்ப் பெயர்கள் வருகின்றன, பல பெயர்கள் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. கொம்புள்ள கடவுள் கெர்னுன்னோஸ் எல்லோருக்கும் தெரிந்தவர்; அந்தப் பெயரைத் தெளிவாகத் தாங்கி நிற்பது பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்தின் அடியில் கிடைத்த படகோட்டிகள் தூண். இதை வைத்துக்கொண்டு "கெல்ட்டியரின் கடவுள் குடும்பம்" என்று ஒரு வம்சப் படம் வரையாதீர்கள்.

ஐயோலோ மோர்கன்வ்க்

வேல்ஸ் நாட்டுக் கவிஞர், இயற்பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ் (1747–1826). அவர் தந்த ட்ரூயிடு சடங்குகள் அவரே புனைந்தவை. 18-ஆம் நூற்றாண்டு வேல்ஸை ஆராய்ந்தால் மட்டும் எடுங்கள்.

குண்டெஸ்ட்ரப் கொப்பரையும் மொகஞ்சதாரோ முத்திரையும்

முன்னது டென்மார்க்கில் கிடைத்த வெள்ளிக் கொப்பரை, பின்னது சிந்துவெளி முத்திரை; இரண்டிலும் கொம்புள்ள உருவம் அமர்ந்திருப்பதைக் காட்டி இணைப்பார்கள். இடையே ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள். இணைக்கும் கண்ணி ஒன்றும் கிடைக்கவில்லை.

சமயத்துக்கு ஒரு நோட்டு, அன்றாட வாழ்வுக்கு ஒரு நோட்டு

தென் இங்கிலாந்தில் டேன்பரி போன்ற குன்றுக் கோட்டைகளில் ஏராளமான குழிகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் இத்தகைய குழிகளில்தான் மக்கள் வசித்தார்கள் என்றுகூட நினைத்தார்கள். 1938–39-இல் தொல்லியலாளர் கெர்ஹார்ட் பெர்சு, தென் இங்கிலாந்தின் லிட்டில் உட்பரியில் அகழ்ந்து, அவர்கள் வசித்தது பெரிய வட்ட வீடுகளில் என்று காட்டினார். 1970-களில் அதே தென் இங்கிலாந்தின் பட்சரில் தொல்லியலாளர் பீட்டர் ரெனால்ட்ஸ் அப்படிப்பட்ட குழிகளைத் தோண்டித் தானியம் நிரப்பி, களிமண்ணால் வாயை அடைத்துச் சோதித்தார். ஓரத்துத் தானியம் முளைவிட்டு ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகிறது. உள்ளே இருப்பது குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருக்கிறது.

அதே குழி காலியான பிறகு, அடியில் குதிரைத் தலையோ முழு நாயோ வைக்கப்பட்டிருக்கும். விதையைக் காத்த மண்ணுக்குச் செலுத்திய காணிக்கை என்று டேன்பரியை அகழ்ந்த பேரி கன்லிஃப் விளக்குகிறார். எனக்கும் அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. குழியைச் சேமிப்புப் பகுதியிலும் குதிரைத் தலையைச் சமயப் பகுதியிலும் பிரித்து எழுதினால் இந்தத் தொடர்பு கண்ணிலேயே படாது.

அதற்காகக் குழியில் கிடக்கும் எல்லா எலும்பும் காணிக்கை ஆகிவிடாது. வெட்டுத் தழும்போடு சிதறிக் கிடக்கும் ஆட்டெலும்பு பெரும்பாலும் சாப்பாட்டு மிச்சம். மூட்டு கலையாமல் கிடத்தப்பட்ட உடல் வேறு. ஒவ்வொரு குழியையும் அடுக்கு அடுக்காக, கீழிருந்து மேலாக, ஒரே பதிவில் எழுதுங்கள். எலும்பு எப்படிக் கிடந்தது என்பதற்கு அதில் ஒரு தனிக் கட்டம் வையுங்கள்.