பழைய பிக்கப்புக்குப் பின்புற ஓவர்லோடு ஸ்பிரிங் பொருத்தும் முறை

ஓவர்லோடு ஸ்பிரிங் என்பது பாரம் கூடும்போது தாங்க உதவும் துணை ஸ்பிரிங். வண்டி காலியாக நிற்கும்போது அது எந்த எடையையும் தாங்கக் கூடாது. பாரம் ஏறி, முதன்மைப் பட்டைக் கட்டு (வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிய வழக்கமான ஸ்பிரிங்) வளைவு குறைந்து தட்டையாகத் தொடங்கிய பிறகே அது வேலைக்கு வர வேண்டும். இந்த ஸ்பிரிங்கால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இதை மறந்து பொருத்துவதால் வருபவை.

இது பின்பக்கம் தாழ்வதைத்தான் தடுக்கும். வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடையைக் கூட்டாது. ஆக்சில், பேரிங், பிரேக், டயர், சேசிஸ் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. தயாரிப்பாளரின் எடைத் தகட்டில் உள்ள எண்தான் இப்போதும் எல்லை.

பழைய பிக்கப்களில் பரவலாக உள்ள அமைப்பில், முதன்மைக் கட்டின் மேல் ஒரு இடைக்கட்டையை வைத்து அதன் மேல் துணைப் பட்டை, அதாவது ஓவர்லோடு ஸ்பிரிங், உட்காரும். பாரம் ஏறும்போது அதன் இரு முனைகளும் சேசிஸில் உள்ள தாங்கிகளில் போய் முட்டும். வேறு சில வண்டிகளில், கட்டின் அடியில் தடித்த, வளைவில்லாத ஒரே பட்டை இருக்கும். 1960 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி10 வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங்தான். முதல் வகைக்கான செட்டை அவற்றில் மாட்ட முடியாது. 1973இல்தான் அந்த வரிசை முழுவதும் பட்டை ஸ்பிரிங்குக்கு மாறியது. கீழே சொல்வது முதல் வகைக்கு.

பழைய கட்டின் நிலையை முதலில் பாருங்கள். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு, சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் போல்ட்) துளையைச் சுற்றியும், முதல் பட்டையின் காதை (முனையில் உள்ள வளையத்தை) ஒட்டியும் விரிசல் தேடுங்கள். பட்டை உடைவது அநேகமாக அங்கேதான். விரிசல் இருந்தாலோ, கட்டு காலி வண்டியிலேயே தட்டையாகிக் கிடந்தாலோ, முதன்மைக் கட்டை மாற்றியாக வேண்டும். தளர்ந்த கட்டின் மேல் துணைப் பட்டையை ஏற்றினால், எப்போதும் அதன் மேலேயே வண்டி ஓடும். பட்டையைச் சூடாக்கி வளைப்பதோ அதில் வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது; எஃகின் பதம் போய்விடும்.

பட்டைக் கட்டையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள். ஒருமுறை முறுக்கியதும் அவை நீண்டுவிடுகின்றன; மறுபடி போட்டால் பிடிப்பு நிற்காது. இடைக்கட்டையும் துணைப் பட்டையும் சேர்ந்த உயரத்துக்கு ஏற்ப நீளம் கூட வேண்டும். நட்டுக்கு வெளியே குறைந்தது மூன்று மரை தெரிய வேண்டும்.

பழைய நட்டுகளில் முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்புற ஸ்பிரிங்கின் முன் தாங்கிக்குச் சற்று முன்னால் சேசிஸின் கீழ் ஜாக் ஸ்டாண்ட் வைத்து, ஆக்சிலை மட்டும் தனி ஜாக்கில் தாங்குங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கத்தைக் கழற்றுங்கள். அப்போதுதான் ஆக்சில் இடம் மாறாது. சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் துளையிலும், அதன் மேல்முனை இடைக்கட்டையின் குழியிலும் முழுதாக உட்கார வேண்டும். இதில் அவசரம் வேண்டாம். தலை துளையின் விளிம்பில் ஏறி நின்றால், ஓட்டத்தில் ஆக்சில் நகர்ந்து சென்டர் போல்ட் அறுந்துபோகும்.

நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில், மூன்று நான்கு சுற்றுகளாக இறுக்குங்கள். கடைசிச் சுற்று வண்டி சக்கரத்தில் நிற்கும்போது, அந்த வண்டியின் கையேடு சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவில். சுமார் 150 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். பட்டைகளுக்கு இடையே உள்ள பெயின்டும் துருவும் நசுங்கி, பிடிப்பு தளர்ந்திருக்கும்.

சேசிஸ் தாங்கிக்குத் துளை போட வேண்டியிருந்தால், செங்குத்துப் பக்கத்தில் மட்டும் போடுங்கள். மேல், கீழ் விளிம்புகளில் துளையிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டிங்கைவிட உயர்தர போல்ட் நல்லது.

இனி இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். எடை தெரிந்த மணல் மூட்டைகளை ஆக்சிலுக்கு நேர் மேலே அடுக்குங்கள். அனுமதித்த பாரத்தில் ஏறக்குறைய பாதி ஏறும்போது பட்டை முனைகள் தாங்கியைத் தொட்டால் போதும். அதற்கு முன்பே தொட்டால் இடைக்கட்டையின் உயரத்தைக் குறையுங்கள். தொடவே இல்லையென்றால் கூட்டுங்கள். இரு பக்கமும் ஒரே சமயத்தில் தொட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால், அந்தப் பக்கக் கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காலி வண்டியிலேயே முனைகள் முட்டி நின்றால் மேடுபள்ளத்தில் பின்பக்கம் துள்ளும், ஈரச் சாலையில் சக்கரம் பிடி விடும், தாங்கியின் ரிவெட்டுகள் நாளடைவில் தளரும். பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று இரும்புச் சத்தம் வந்தால், தாங்கியின் ரப்பர் திண்டு தேய்ந்திருக்கும்.

மூட்டைகள் இருக்கும்போதே இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள்: பிரேக் ஹோஸ் பட்டையில் உரசுகிறதா, ஆக்சிலுக்கு மேலுள்ள ரப்பர் தடுப்புக்கும் புதிய அடுக்குக்கும் இடையே போதிய இடம் இருக்கிறதா, ஹெட்லைட் ஒளி மேலே ஏறிவிட்டதா.