எக்ஸ்ட்ரா லைட் மாட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

மண்டபம், பாம்பன் பக்கம் இரவில் மீன் லோடு அடிக்கும் வண்டிகளில் பம்பருக்கு மேல் இரண்டு லைட் கூடுதலாக இருப்பது சகஜம். ரோட்டோரச் சீமைக்கருவேலத்துக்குள்ளிருந்து ஆடோ மாடோ எப்போது வரும் என்று தெரியாது. மாட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. இணைக்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

முதல் தவறு, பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஸ்விட்ச் கொடுப்பது. எதிரே வண்டி வரும்போது டிம் அடித்தாலும் அது பாட்டுக்கு எரியும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி இதைத்தான் தடுக்கிறது. முன்பக்க விளக்கு, 8 மீட்டர் தள்ளி இருப்பவரின் கண் கூசாதபடி கீழே சாய்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுபவர் உடனே தாழ்த்தவோ அணைக்கவோ வழி வேண்டும். அதற்கு ரிலே போடுங்கள்; சின்ன சிக்னல் வந்ததும் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச் அது. அதன் 86-ஆம் முனைக்கு ஹெட்லைட்டின் பிரைட் (ஹை பீம்) ஒயரிலிருந்து, டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக சிக்னல் கொடுங்கள். 85 எர்த்துக்கு (நெகட்டிவ்), 30 பேட்டரி பாசிட்டிவுக்கு, 87 லைட்டுக்கு. டிம் போட்டதும் தானாக அணைந்துவிடும். சில வண்டிகளில் ஹெட்லைட் ஸ்விட்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கும், அங்கே இந்த இணைப்பு அப்படியே சரிவராது. கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு ஒயரைத் தொடுங்கள்.

ரிலே வேண்டாம், ஹெட்லைட் ஒயரிலேயே ஒட்டுப் போடுகிறேன் என்பார்கள் சிலர். 55 வாட் ஹாலஜன் இரண்டு, 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஸ்விட்ச் உருகும். 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும், ஆனால் பேட்டரியை ஒட்டி இருக்கட்டும். லைட் பக்கம் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது சும்மா வேடிக்கை பார்க்கும்.

அப்புறம் எர்த். நம் ஊரில் பாதித் தொல்லை இங்கேதான். பெயின்ட் அடித்த தகரத்தில் ஸ்குரூ முறுக்கி எர்த் எடுத்தால், உப்புக்காற்றும் மேலே ஒழுகும் மீன் தண்ணீரும் சேர்ந்து சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வெறும் டேப் சுற்றிய ஒட்டில் செம்பு களிம்பேறும். லைட் மங்கும், பல்பு போச்சு என்று புது பல்பு வாங்குவோம். எர்த்துக்குத் தனி ஒயர் பேட்டரி நெகட்டிவ் வரை இழுங்கள். நீர் புகாத கனெக்டர் போடுங்கள்.

காலி வண்டியில் ஃபோகஸ் வைப்பதும் தவறு. ஐஸும் மீன் பெட்டியும் ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், ஒளி எதிர் வண்டி ஓட்டுபவரின் முகத்துக்குப் போகும். பாம்பன் பாலத்தின் மேட்டில் இது இன்னும் மோசம். லோடோடு சுவர் முன் நிறுத்தி ஃபோகஸ் வையுங்கள்.

ஸ்பாட் லைட், சர்ச் லைட் கதையே வேறு. 111-ஆவது விதிப்படி முன் அனுமதி இல்லாமல் மாட்டக்கூடாது. லோடு இறக்கப் பின்னால் மாட்டிய வெள்ளை லைட்டையும் ஓடும்போது அணைத்துவிடுங்கள். பின்பக்கம் சிவப்புதான் தெரிய வேண்டும்.

வேலை முடிந்ததும் டிம் அடித்துப் பாருங்கள். மீட்டரில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கு அணையும்போது எக்ஸ்ட்ரா லைட் இரண்டும் கூடவே அணைகிறதா? இல்லையென்றால் எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.