குழந்தைக்கு முதல் உணவு: டெல்டா வீடுகளில் நடக்கும் தவறுகள்

நெல் விளையும் ஊரில் பிள்ளைக்கு முதல் உணவு சோறாகத்தான் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பல வீடுகளில் ஏழாம் மாதம் ஊட்டிய அதே வெள்ளைச் சோற்றைப் பத்தாம் மாதமும் ஊட்டிக்கொண்டிருப்பார்கள். சோற்றோடு சேர வேண்டியவை தட்டுக்கு வந்தே இருக்காது.

பலரும் தொடங்குவது பருப்புத் தண்ணியில், இல்லையென்றால் வடிகஞ்சியில். பருப்பின் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பெருமளவு இறங்காது. புரதமும் இரும்பும் அடியில் கிடக்கும் பருப்பிலேயே தங்கிவிடும். அதை நாம் சாம்பாருக்கு எடுத்துக்கொண்டு மேல்தண்ணியைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். ஏழு கிலோ பிள்ளை என்றால் ஒரு டம்ளர் அளவு. அதைத் தண்ணியால் நிரப்பினால் வயிறு நிறைந்துவிடும், எடை ஏறாது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போட்டு, குக்கரில் குழைய விட்டு, மசித்து, அரை ஸ்பூன் நெய் விடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, மெதுவாகச் சரிந்து விழ வேண்டும். அதுதான் பதம்.

எப்போது தொடங்குவது என்பதிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. நாலாம் மாதமே 'பால் பத்தலை' என்று கஞ்சி காய்ச்சுவது ஒன்று. குலதெய்வக் கோயிலில் சோறூட்டிய பிறகுதான் என்று எட்டாம் மாதம் வரை இழுப்பது இன்னொன்று. ஆறு மாதம் முடிந்ததும் தொடங்க வேண்டும். பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து அந்தச் சமயத்தில்தான் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் அது குறைவு. நல்ல நாள் வரும்போது கோயிலில் ஒருமுறை ஊட்டிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த இரும்புக்கு நாம் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. சம்பா அறுவடையை ஒட்டி வயலில் தெளித்த உளுந்தும் பச்சைப் பயறும் கோடையில் வீட்டுக்கு வந்துவிடும். கொல்லையில் முருங்கை நிற்கும். பயறு, கீரை, முட்டை, மீன், கோழி ஈரல் எல்லாமே இரும்பு தருபவை. பயறும் கீரையும் கொடுக்கும் வேளையில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ மசித்த தக்காளியோ சேர்த்தால் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். இதற்கு நேர் எதிர், டீயில் தோய்த்த பிஸ்கட். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. சர்க்கரைப் பழக்கம் வேறு. என்னைக் கேட்டால், டெல்டா வீடுகளில் முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை கொடுக்கச் சொல்லி நர்சம்மா தரும் இரும்புச்சத்து சிரப்பையும் அலமாரியில் மறந்துவிடாதீர்கள்.

முட்டையும் மீனும் கொடுத்தால் மாந்தம் வரும் என்று பாட்டிமார் தடுப்பார்கள். தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்பதற்கு ஆதாரமில்லை. வேர்க்கடலை விஷயத்தில் சீக்கிரம் பழக்குவதே நல்லது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே கரப்பான் என்னும் தோல் அரிப்பு நோய் மோசமாக உள்ள குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும். கிழங்கான் மாதிரி மெத்தென்ற மீனை வேகவைத்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்து, சோற்றோடு பிசையலாம். சுறா வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். வேர்க்கடலையை மாவாக மட்டுமே கொடுக்கலாம். முழுக்கடலை, தேங்காய்ச் சில்லு, முறுக்கு இவையெல்லாம் தொண்டையில் அடைக்கும்.

அப்புறம் இந்தச் சத்துமாவு. இருபது சாமான் வறுத்து அரைத்துவிட்டால் வகைவகையாகக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. குழந்தையின் நாக்குக்கு அது தினமும் ஒரே சுவை, ஒரே நிறம். உடம்பில் தடிப்பு வந்தால் இருபதில் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. புதுப் பொருளை ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுப் பழக்குங்கள். அதன்பின் அங்கன்வாடி மாவோ வீட்டு மாவோ ஒரு வேளைக்கு இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் உணவை எட்டு வகையாகப் பிரித்து, நாளுக்கு ஐந்து வகையாவது சேர வேண்டும் என்கிறது. தாய்ப்பாலும் அதில் ஒன்று, சோறு ஒன்று. பயறு, மஞ்சள் பூசணி, முட்டை சேர்த்தால் ஐந்து ஆகிவிட்டது. பூவன் பழமோ தயிரோ கொடுத்தால் ஆறு.

துப்பினால் 'பிடிக்கலை' என்று முடிவு கட்ட வேண்டாம். புதுச் சுவை பழக எட்டு, பத்து முறைகூட ஆகும். ஆனால் வாயைத் திருப்பிக்கொண்டால் அந்த வேளை அதோடு சரி. காக்கா காட்டி, செல்போன் காட்டித் திணிக்க வேண்டாம்.

மிக்ஸியில் கூழாக்குவதை எட்டாம் மாதத்துக்குள் விட்டுவிட வேண்டும். கையால் பிசைந்தால் வரும் சின்னச் சின்னக் கட்டிகள்தான் மென்று தின்னப் பழக்கும். பல் இல்லாவிட்டாலும் ஈறு போதும்.

ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் தேவையில்லை. தேன் கூடவே கூடாது, கல்லில் உரைத்துக் கொடுக்கும் உரை மருந்தில் குழைத்தும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அவை சாகாது.

சித்திரை வெயிலில் காலையில் பிசைந்த சோற்றை மதியத்துக்கு வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கொட்டிவிடலாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்தி வெறும் கஞ்சித் தண்ணியில் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். இளைத்த உடம்பு அதில் இன்னும் இளைக்கும். ஓ.ஆர்.எஸ். கரைசலோடு தாய்ப்பாலும் வழக்கமான சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரட்டும். நின்ற பிறகு இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, கண் உள்ளே போய்க் குழந்தை துவண்டு கிடந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.